வாளும் மந்திரமும் கேட்ட பாண்டிமீனா

என் தங்கை பாண்டிமீனா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். "உன்னால ஆகாது" என்று யாராவது சொன்ன பிறகுதான் அவளுக்கு எந்த வேலையிலும் ருசி பிறக்கும். சைக்கிள் பழகியது அப்படி. இப்போது தபாலில் பி.ஏ. படிப்பதும் அப்படி. நான் சிவகாசியில் பைண்டிங்கில் தாள் எண்ணுகிறேன். எட்டாவதோடு சரி. ஆனால் நான் எண்ணிய கட்டில் ஒரு தாள் குறைந்ததில்லை.

2006 தீபாவளி முடிந்து கம்பெனியை மூடியிருந்த சமயம், சித்தப்பா மகன் விக்னேஷ்குமார் இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான். ஒருவன் கதை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பூதங்களோடு சண்டை போடுவார்கள். அடி விழுந்ததா, விழுந்தால் எத்தனை புள்ளி என்று பகடை சொல்லும். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக் காமராஜ் அண்ணன் வாள்வீரர் ஆனார். மீனா வாளும் வேண்டும், மந்திரமும் வேண்டும் என்றாள். விக்னேஷின் ஜெராக்ஸ் புத்தகத்தில் அப்படி ஒரு பாத்திர வகை இல்லை. அவனே ஒன்றைச் செய்து கொடுத்தான். விழுகிற எண்களையெல்லாம் நான் நோட்டில் எழுதினேன்.

மூன்றாம் நாள் காமராஜ் அண்ணன் பகடையைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் எதுக்கு வாரேன்? இவ கொன்ன பூதத்தை அள்ளிப் போடவா?"

நோட்டைப் பார்த்தேன். அவர் ஒரு முறைக்குச் சராசரியாக எட்டு அடிக்கிறார். மீனா வாளால் எட்டு, நெருப்பு மந்திரத்தால் ஒன்பது, ஆகப் பதினேழு. அவர் கேட்டது நியாயம்.

விக்னேஷ் அவளுடைய இரண்டையும் பாதியாக்கினான்; ஒரு முறைக்கு ஏதாவது ஒன்றுதான் என்றும் சொன்னான். இப்போது நாலோ நாலரையோதான் அடித்தாள். இரண்டு நாளில் மூன்று தடவை செத்தாள்.

"மீனாக்கா, ஒண்ணை எடுங்க. வாளா, மந்திரமா? நாளான்னைக்கு நான் காலேஜுக்குப் போறேன். ஹாஸ்டல் பசங்களுக்கு விதி எல்லாம் எழுதிக் கொண்டுபோகணும். இந்த வகையை விட்டுருதேன்."

"விடுவியோ? ஏலே, நாளைக்கு ஒரு நாள் குடு. ரெண்டும்தான் வேணும் எனக்கு."

மறுநாள் அவள் கொண்டுவந்தது அவளுடைய ஷெட்டின் நடைமுறை. அங்கே கலக்கிற இடம் வேறு, அடைக்கிற இடம் வேறு. கலந்த மருந்தைக் கொஞ்சமாகத்தான் எடுத்து வர வேண்டும். அன்றே தீர்க்க வேண்டும். மிச்சம் வைத்தால் ஆபத்து. அதையே தன் பாத்திரத்துக்கு விதியாகச் சொன்னாள்.

"மந்திரம் கலக்கயில வாளைத் தொட மாட்டா. அது ஒரு முறை. அடுத்த முறை வாளோட சேர்த்து வீசுவா. சண்டை முடியயில கையில மிச்சம் இருந்தா அவ மேலேயே வெடிக்கும்."

பாதியாக்கிய எண்களைப் பழையபடி வைத்து அறுபது சண்டை ஓட்டிப் பார்த்தோம். முதல் முறை சும்மா நிற்கிறாள், அடுத்ததில் பதினேழு. சராசரி எட்டரை. காமராஜ் அண்ணனோ எட்டு. ஆனால் அவர் கையில் எதுவும் வெடிக்காது.

"இது சரி, தாயி" என்றார் அவர்.

"புத்தகத்துல இப்படி எங்கயும் இல்லையே" என்றான் விக்னேஷ்.

"புத்தகம் எழுதுனவரு மருந்து அடைச்சிருக்காராலே?"

அவன் மனம் ஆறவில்லை. கடைசியாக ஒரு சண்டை வைத்தான். மீனாவின் உயிர் நாலு புள்ளியில் நின்றது; இருந்தாலும் மந்திரம் கலந்தாள். அதற்குள் காமராஜ் அண்ணன் கடைசிப் பூதத்தை வெட்டிவிட்டார். வீச எதிரி இல்லை, மிச்சம் அவள் கையில்.

"பச்சைத் தண்ணியில கொட்டிட்டேன்னு சொல்லு, தாயி. பொழச்சுக்கிடுவே" என்றார் காமராஜ் அண்ணன்.

விக்னேஷ் அவளையே பார்த்தான்.

மீனா தானே பகடையை உருட்டினாள். ஒன்பது.

"செத்தா. எழுதுக்கா."

எழுதினேன்.

"அடுத்தது என்ன ஆளு எடுக்கீக?" என்று கேட்டான் விக்னேஷ்.

"இதேதான்."

அவன் அங்கேயே உட்கார்ந்து அந்த வகையை முழுப் பக்கத்தில் எழுதினான். கிளம்பும்முன் சரிபார்க்க என்னிடம் கொடுத்தான். எண்கள் எல்லாம் சரி. அடியில் மட்டும் சின்ன எழுத்தில், 'விருப்பம் இருந்தால் இந்த வகையைச் சேர்த்துக்கொள்ளலாம்' என்றிருந்தது.

அளவுகோல் வைத்து அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுத்தேன்.