மூன்று பூட்டுச் சரக்கறை

ஓட்டிலி யாரையும் லேசில் நம்பமாட்டாள். சுரங்கத்தில் புருஷன் செத்தபோது, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன கம்பெனி அதன்பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் சிலேசியச் சுரங்க ஊரில், வேலை இழந்தவர்களின் பிள்ளைகளுக்காக நகரசபை நடத்திய சமையற்கூடத்தில் அவள்தான் சமையற்காரி. நான் கிழங்கு உரிப்பவள்.

நகரசபையை மூன்று கட்சிகள் ஆண்டன. கூட்டணி என்று பேர்தான். பட்டாணி மூட்டையை மற்றவன் தன் ஆட்களுக்குக் கடத்திவிடுவான் என்று ஆளுக்காள் சந்தேகம். அதனால் சரக்கறைக்கு மூன்று பூட்டு. தொழிலாளர் கட்சி கிராபோ, கத்தோலிக்கக் கட்சி கொசுபெக், வியாபாரிகள் கட்சி டீட்ஸே, ஆளுக்கொரு சாவி. தினமும் காலையில் மூவரும் ஒருவர் கையை ஒருவர் முறைத்தபடி திறப்பார்கள்.

"ஊர்ல திருடனுக்குப் பயந்து பூட்டுவாங்க. இங்க கூட்டாளிக்குப் பயந்து பூட்டுறானுங்க," என்பாள் ஓட்டிலி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருடக் குளிரில், கடைவரியை ஏற்றுவதா என்று சண்டை மூண்டது. டீட்ஸே கூட்டணியை முறித்துக்கொண்டு சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் தகரக் குவளையோடு வாசலில் நின்றார்கள். ஓட்டிலி என்னையும் இழுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனாள்.

"ஐயா, சாவியக் குடுங்க. உங்க சண்டைய அப்புறம் வச்சுக்கங்க."

"குடுத்தா கிராபோ மூட்டையத் தூக்கிடுவான்மா."

"அப்ப நீங்களே வந்து தொறங்க."

"வந்தா, மறுபடி கூட்டணில சேந்துட்டான்னு எங்காளுங்க காறித் துப்புவாங்க."

பூட்டை உடைக்கச் சொல்லி கிராபோவிடம் போனோம். உடைத்தால் திருட்டுப்பட்டம் கட்டுவார்களாம். கொசுபெக், மற்ற இருவரும் வந்தால்தான் வருவாராம். நாசமாய்ப் போனவர்கள்! அன்றைக்கும் மறுநாளும் அடுப்பு எரியவில்லை.

அதற்கடுத்த நாள், இந்த மூன்றிலும் சேராத இன்னொரு கட்சியின் அடியாட்களான பழுப்புச் சட்டைக்காரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். யார் உத்தரவு போடுவது என்றே தெரியாமல் போலீஸ் வேடிக்கை பார்த்தது. மூன்று பூட்டும் விழுந்தன. பிள்ளைகளோடு வரிசையில் நின்ற தாய்மாரெல்லாம் கைதட்டினார்கள், நானும்தான். ஓட்டிலி தட்டவில்லை. அடுப்பை மூட்டினாள். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

கிளம்பும்போது அவர்களின் தலைவன் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டான்.

"சாவி?" என்றாள் ஓட்டிலி.

"எங்ககிட்ட இருக்கும். நீ சமைச்சாப் போதும்."

மறுநாள் அவனே வந்து திறந்துவிட்டு அண்டா பக்கத்தில் நின்றுகொண்டான். முதலில் வந்த சிறுமிக்கு ஓட்டிலி ஊற்றப் போனாள். அவன் ஓட்டிலியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இவ அப்பன் எந்தக் கட்சி?"

"எனக்குத் தெரியாது," என்றாள் ஓட்டிலி.

வரிசையிலிருந்து ஒருத்தி, தொழிலாளர் கட்சி என்று சொல்லிவிட்டாள். நேற்று என் பக்கத்தில் நின்று கைதட்டியவள். அந்தச் சிறுமி காலிக் குவளையோடு வீட்டுக்குப் போனாள்.