மூன்று விநாடி தள்ளி

அந்த நாடக அரங்கத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் லைட்காரர் ஒருநாள் "எழுத்தக்கா" என்றார். மறுநாளிலிருந்து வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வரைக்கும் அதுவே பெயராகிவிட்டது. நடிகர்கள் பேசப் பேச, மேடையின் இடது ஓரத்தில் தொங்கும் நீளமான மின்பலகையில் அந்த வசனம் எழுத்தாக வரும். காது கேளாதவர்கள் அதைப் படித்துக்கொண்டே நாடகம் பார்க்கலாம். வரவைப்பது அவள். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சர். மூக்கின் மேல் கோபம் என்று வீட்டிலும் வெளியிலும் பேர் வாங்கியவள். அந்தப் பேரை அவள் மறுத்ததும் இல்லை. எல்லோரும் பொறுத்துப் போனால் கோபப்பட ஒரு ஆள் வேண்டாமா என்பாள்.

அவள் கணவர் முப்பது வருஷம் கடைசல் பட்டறையில் இரும்பு கடைந்தவர். பட்டறைச் சத்தம் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் மிச்சத்தையும் விழுங்கிவிட்டது. நாடகம் என்றால் சோறு தண்ணி வேண்டாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் சனிக்கிழமை வரைக்கும் அடுக்களை வாசலில் நின்று எல்லா வேஷத்தையும் தானே போடுவார். அவளைக் குக்கரை இறக்க விடமாட்டார். காது போன பிறகு எங்கேயும் போவதில்லை. கூட்டத்தில் எல்லோரும் சிரிக்கும்போது "என்ன, என்ன" என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவர்கள் கையை அசைத்து, "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றோம்" என்பார்கள். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. அவருடைய தம்பி வீட்டு விருந்தில் ஒரே மத்தியானத்தில் அவருக்கு ஏழு "ஒண்ணுமில்ல" கிடைத்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாவதற்கு எழுந்து, "ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை பல்லைக் காட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பு இல்லை. அவளுக்கும் நஷ்டம் இல்லை.

வசனத்தை எழுத்தாகக் காட்டும் ஒரு நிறுவனம் இருக்கத்தான் செய்தது. அவர்கள் ஒரு காட்சிக்குக் கேட்கிற தொகையில் அரங்கத்து நாற்காலி பாதிக்குப் புது மெத்தை போட்டுவிடலாம். அதனால் வருஷத்தில் ஒரே ஒரு நாள் எழுத்து வரும். அன்றைக்குப் படம் பிடித்துப் பேப்பரில் போடுவார்கள். அந்தப் பேப்பரைக் கசக்கி எறிந்த கையோடுதான் அவள் விருப்ப ஓய்வு வாங்கினாள். மூடப்போன ஒரு துணிக்கடையில் பழைய மின்பலகையைச் சல்லிசாகப் பிடித்தாள். கணினி அவளுடைய பழைய கணினிதான். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்தால் போதும், எந்தக் குழுவுக்கும் வருவாள். ஆரம்பத்தில் பலகைக்குத் துணிக்கடை ஞாபகம் போகவில்லை. ஒரு சாவுக் காட்சியில் மின்சாரம் போய் வந்தபோது, கிடத்தியிருந்த பிணத்துக்கு மேலே "இன்று மட்டும் பாதி விலை" என்று சிவப்பில் ஒரு சுற்று ஓடியது. பிணமாகக் கிடந்தவர் வயிறு குலுங்கியதை லைட்காரர் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

வேலை பார்க்கச் சுலபம். வசனத்தை இரண்டிரண்டு வரியாக வெட்டி வைத்துக்கொண்டு, நடிகர் பேசும்போது ஒரு விசையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் என்று சொல்பவர்களை அவள் பக்கத்தில் உட்கார வைத்துத் தட்டச் சொல்வாள். ஐந்தாவது நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள். எழுத்து வாயோடு வர வேண்டும். முந்தினால் நடிகர் சொல்வதற்குள் விஷயம் வெளியாகிவிடும். பிந்தினால் படிப்பவர்கள் வேறொரு நாடகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் மூன்று ஒத்திகைக்குப் போவாள். எந்த நடிகர் எந்த இடத்தில் எத்தனை மூச்சு எடுக்கிறார் என்று பிரதியில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பாள். பேசப்போகிறவரின் தோள் வாய்க்கு முன்னால் லேசாக ஏறும். அவள் கண் அந்தத் தோளில்தான் இருக்கும்.

மூன்று வருஷத்தில் இடது பக்கத்துப் பதினெட்டு நாற்காலிகள் காது கேளாதவர்களுக்கென்று ஆகிவிட்டன. யார் எந்தக் காட்சிக்கு என்று பட்டியல் எழுதி டிக்கெட் கொடுப்பது கணவரின் வேலை. எல்லாக் காட்சிக்கும் வரும் ஆள் அவர் மட்டும். திரும்பவும் அடுக்களை வாசலில் நாடகம் நடக்க ஆரம்பித்திருந்தது.

இந்த வருஷம் பெரிய நகைச்சுவை நடிகர் ஒருவரின் நாடகம் வந்தது. குழுவில் எல்லோருக்கும் அவர் "சார்". தினமும் மாலை நாலு மணிக்குக் காட்சி. முதல் நாள் வெள்ளிக்கிழமை, முதல் அங்கத்திலேயே தப்பு நடந்துவிட்டது. மாமனாரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் இடம். ஒத்திகையில் சார் அங்கே ஒரு மூச்சு எடுப்பார். அன்று நிறைந்த கூட்டத்தைப் பார்த்ததும் மூன்று மூச்சு எடுத்தார். தோள் ஏறியது, அவள் தட்டிவிட்டாள், வாய் திறக்கவில்லை. பதினெட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிச்சம் அறுநூறு பேர் எதற்கென்று தெரியாமல் இடது பக்கம் திரும்பினார்கள். சார் அந்த வரியைச் சொன்னபோது கேட்க ஆளில்லை.

காட்சி முடிந்ததும் குழுவின் மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சார் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குதும்மா. நாளையிலேர்ந்து மூணு விநாடி தள்ளிப் போடணுமாம். அவர் சொல்லி, ஜனம் சிரிச்சு முடிச்சப்புறம்."

தப்பு தன்னுடையது என்பதால் அவள் சம்மதித்தாள். சனிக்கிழமை மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நின்று "இப்போ, இப்போ" என்று சொல்லச் சொல்லத் தட்டினாள். அரங்கம் சிரித்தது. பதினெட்டுப் பேர் அக்கம்பக்கத்து வாய்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். எழுத்து வந்து அவர்கள் சிரித்தபோது மேடையில் மகள் அழ ஆரம்பித்திருந்தாள். கணவரின் சிரிப்பு பட்டறைச் சிரிப்பு. தன் சத்தம் தனக்குத் தெரியாதவரின் சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் திரும்பி உதட்டில் விரல் வைத்து முறைத்தார். கணவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாடகம் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிக்கெட் பட்டியலை அவள் முன்னால் வைத்தார். "நாளைலேர்ந்து இதை நீயே பாத்துக்க. நான் வரல."

"எதுக்காம்?" உதடு தெரிய அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

ஊரெல்லாம் சொன்னபோதுகூட வராத அளவு கோபம் அவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தபோது வந்தது. சார் மேல் பாதி, தன் விரல் மேல் பாதி. ஒரு நாள் பொறுத்துப்போனதற்கு இதுதானா கூலி என்று நினைத்தாள். மனுஷர் திரும்பவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் இன்னொரு பலகை எங்கே போய் வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கே ஒப்பனை அறைக்குப் போனாள். சார் கழுத்தில் துண்டோடு கண்ணாடி முன்னால் இருந்தார். மேனேஜர் கதவோரம் நின்றார்.

"வெள்ளிக்கிழமை நான் முந்தினது தப்பு. ஒத்துக்கறேன். ஒத்திகையவிட ரெண்டு மூச்சு கூட எடுத்தீங்க, நான் ஏமாந்துட்டேன். இனிமே ஜோக்கோட கடைசி வரியைத் தனியா வெட்டி வைப்பேன். உங்க வாய் திறந்தாத்தான் தட்டுவேன். ஆனா தள்ளிப் போட மாட்டேன்."

சார் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "நாப்பது வருஷமா சிரிக்க வைக்கறேன்மா. எப்ப சிரிக்கணும்னு எனக்குத் தெரியும். பதினெட்டுப் பேருக்காக அறுநூறு பேர் சிரிப்பைக் கெடுத்துக்கச் சொல்றீங்களா?"

"அவங்க சிரிச்சா உங்களுக்கு என்ன கெட்டுப் போச்சு? சேர்ந்து சிரிக்கத்தானே சார் வர்றாங்க. தனியாச் சிரிக்கறதுன்னா வீட்டுலயே சிரிச்சுக்குவாங்களே."

"மேனேஜர், இவங்களுக்குப் புரியற மாதிரி நீங்களே எழுதிக் காட்டுங்க."

மேனேஜர் அவளை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "நீங்க சரியான நேரத்துக்கே போடுங்க. ஆனா சாருக்குத் தெரியாமப் பாத்துக்கங்க."

"ஒரு ஆள் நீளப் பலகைங்க அது. பையில போட்டுக்கவா?"

வீட்டுக்குப் போய் ஒரு தாளில் "இன்னைக்குத் தள்ளிப் போடல" என்று எழுதிக் கணவர் மடியில் வைத்தாள். அவர் தாளைப் படித்துவிட்டுச் சட்டையை மாட்டினார். வந்தாலும் வரிசைக்கு நடுவில் போகவில்லை. இரண்டாம் வரிசையில் எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் அங்கம் ஒழுங்காகப் போனது. அரங்கமும் பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சார் அதைக் கவனித்தார். இரண்டாம் அங்கத்தில் வசனத்தை விட்டு விலகினார். பிரதியில் இல்லாததைப் பேசிவிட்டுப் பலகையை ஓரக்கண்ணால் பார்த்தார். பலகை விழிக்கட்டும் என்றுதான்.

"போச்சு. அக்கா, என்ன பண்ணப் போறீங்க?" என்றார் பக்கத்தில் இருந்த லைட்காரர்.

அவள் பிரதியை மூடி வைத்தாள். வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். அழுதுகொண்டே பேசிய சாட்சிகளையும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திய வக்கீல்களையும் தட்டச்சில் பிடித்த விரல்கள். சார் பேசப் பேச அடித்தாள். அவர் வேகமாகப் பேசினால் வேகமாக வந்தது, இழுத்தால் இழுத்து வந்தது. கூட்டத்தில் சிலர் பலகைக்குக் கைதட்டினார்கள். அதுதான் சாருக்குப் பொறுக்கவில்லை. விளிம்புக்கு வந்து நின்றார்.

"செவிடன் காதுல சங்கு ஊதறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்கதான்யா சங்கையே எழுதிக் காட்டறாங்க."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அவள் விரல்கள் நின்றன. இரண்டாம் வரிசை ஓரத்திலிருந்து ஒரு தலை "என்ன" என்பதுபோல் அக்கம்பக்கம் திரும்பியது. அவள் கணவர். அடிக்காமல் விட்டுவிடலாம். அடைப்புக்குறிக்குள் "சிரிப்பு" என்று மட்டும் போட்டுவிடலாம். வந்து கேட்டால் ஒண்ணுமில்ல என்று தானும் சொல்லலாம். நீதிமன்றத்தில் முதல் நாள் கற்றுக்கொண்டது, சொன்னதைச் சொன்னபடி அடி, கூட்டாதே, குறைக்காதே. சொன்னதைச் சொன்னபடி அடித்தாள்.

பதினெட்டுப் பேரும் படித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்து அமைதி மெல்ல மெல்ல அறுநூறு பேரிடமும் பரவியது. கணவர் எழுந்தார். வெளியே போகத்தான் எழுகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. கடைசல் இயந்திரத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரலில் சொன்னார்.

"ஊதினது போதும் சார். அடுத்த வசனத்தைச் சொல்லுங்க."

அரங்கத்தில் பேசியது எதுவானாலும் எழுத்தாக வேண்டும். "பார்வையாளர்:" என்று போட்டு அதையும் அடித்தாள். அரங்கத்தோடு சேர்ந்து மிச்சம் பதினேழு பேரும் சிரித்தார்கள். சார் அடுத்த வசனத்தைத் தேடினார். விலகிப்போனவருக்கு விட்ட இடம் கிடைக்கவில்லை. மகளாக நடித்த பெண்தான் அதை எடுத்துக் கொடுத்தாள்.

முடிந்ததும் மேனேஜர் திரும்பவும் கைக்குட்டையோடு வந்தார். நாளையிலிருந்து பலகை வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டாராம். மிச்சம் ஏழு காட்சிக்கும் வேண்டாமாம். "என் கையில என்னம்மா இருக்கு?" என்றார்.

"கைக்குட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. கணவரும் மற்றவர்களும் படிக்கட்டில் காத்திருந்தார்கள். மேனேஜர் சொன்னதை அவர் முகத்துக்கு நேராக, ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவர் நெற்றி நரம்பு புடைத்தது. ஆறு வருஷத்தில் அவருக்கு அப்படிக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை.

"டிக்கெட்டுல எழுத்து உண்டுன்னு அச்சடிச்சிருக்கான். ஏழு காட்சிக்கும் வித்தாச்சு. நாளைக்கு எல்லாரும் வந்து உக்காருவோம். பலகை எங்கன்னு கேப்போம். நான் ஏழு நாளும் கேப்பேன். மெதுவாக் கேக்க நமக்குத் தெரியாது, அது அவன் தலையெழுத்து."

போகிறவர்கள் எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசச் சொல்லி அவள் கை காட்டவில்லை. பலகையின் ஒரு முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அவரைப் பார்த்தாள்.

"திட்டிட்டே பிடிங்க. பஸ் வந்துடும்."