அரை வேகத்துக்கு ஓர் அனுமதி

சிரம்பான் லோபாக்கில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் போன வாரம் முடி உலர்த்தும் கருவியைப் போட்டார்கள். ரொம்ப நாள் தூசி பிடித்துக் கிடந்திருக்கும்போல. சூடானதும் தூசி கருகும் வாசம் குப்பென்று வந்தது. என் தலையில் உலர்த்துவதற்கு அப்படியொன்றும் மிச்சமில்லை, அது வேறு விஷயம். ஆனால் அந்த வாசம் எனக்குத் தெரியும். லாபு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு முன்னறை ஒரு வருஷத்துக்கு மேல் இதே வாசத்தில்தான் கிடந்தது. அதற்குக் காரணம் நான்.

அப்போது நீலாயில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பழுது பார்க்கும் வேலை, என் முதல் வேலை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான், என் அக்கா கல்யாணமாகிச் சிரம்பானில் இருந்தாள். அம்மா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் பல வருஷம் நின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவள். நான் விளையாடுவதற்காக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தேன். கூட வேலை செய்த நண்பன்தான் ஒரு மென்பொருளைக் காட்டினான். விஞ்ஞானிகள் ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்க அனுப்புவார்கள். சும்மா கிடக்கும் நம் கணினி ஒரு துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். காசு பணம் கிடையாது, புண்ணியம் மட்டும். நுரையீரல் நோய்க்கு மருந்து தேடும் கணக்கும் அதில் ஒன்று இருந்தது. உடனே சேர்ந்துவிட்டேன்.

"நெஞ்சு நோவுக்கு மருந்து தேடுதும்மா இது" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எனக்கா ஐயா?"

விளக்கிச் சொல்லச் சோம்பல். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

தகரக் கூரை. மத்தியான வெயில். அதற்குக் கீழே முழு மூச்சாக ஓடும் கார்டு. முன்னறையில் உட்கார முடியாது. நிறுத்தப் போனால் அம்மா விடமாட்டாள். "எனக்கு வேர்க்குதுன்னு நான் சொன்னேனா? ஓடட்டும்." காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

அந்த மென்பொருளில் கணினியின் மூளையைப் பாதி வேலை செய்யச் சொல்லலாம். கார்டை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. ஓடினால் முழுசாக ஓடும், இல்லையென்றால் கிடையாது. ஆனால் அது திறந்த மூல மென்பொருள், யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதி அனுப்பலாம். நான் மூன்று வார இறுதி உட்கார்ந்து எழுதினேன். கார்டு ஒரு விநாடி வேலை செய்யும், ஒரு விநாடி ஓய்வெடுக்கும். ஓட்டிப் பார்த்தேன், வீட்டு விளக்கு ஒரு விநாடி மங்கி மறு விநாடி பிரகாசித்தது. எங்கள் லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே கம்பி, ஒரே ஃபியூஸ். அடுத்த வீட்டு சரசு அக்கா வந்துவிட்டார்.

"தம்பி, ஒங்க பெட்டி ஓடுனா எங்க டீவி கண்ணடிக்குதுலா. எங்க வீட்டுக்காரு எலுமிச்சம்பழம் கட்டணும்னு நிக்கிறாரு."

விநாடியை நூறாகப் பிரித்து மாற்றி எழுதினேன். விளக்கு அடங்கியது, அறையும் ஆறியது. நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதானே. எனக்குத்தான் என் பெயர் அதில் வர வேண்டும் என்று ஆசை.

அனுப்பினேன். எங்கோ குளிர் தேசத்தில் மூன்று பேர் அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் வரிகளுக்கு நடுவே இடைவெளி சரியில்லை என்றார். இன்னொருவர், "சூடாக இருந்தால் சன்னலைத் திறக்கலாமே" என்று எழுதினார். மேசையைக் குத்திவிட்டு, மிகுந்த மரியாதையுடன் பதில் போட்டேன். மூன்றாமவர் ஆதாரம் கேட்டார். ஒரு வாரம் முழு வேகத்தில் ஓட்டு, ஒரு வாரம் பாதி வேகத்தில் ஓட்டு, இரண்டையும் ஒப்பிட்டு அனுப்பு. அனுப்பினேன். ஒரு வரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினால் மறுபடி இரண்டு வாரம். ஒவ்வொரு முறையும் என் திருத்தத்தை நானே கழற்றிவிட்டு, அம்மா உட்கார்ந்திருக்கும் அறையில் கார்டை முழு வேகத்தில் ஓடவிட்டேன். நான்கு முறை.

நான்காவது முறை, நான் வேலையில் இருந்த ஒரு மத்தியானம், கார்டு முழு வேகத்தில் இழுத்ததில் ஃபியூஸ் போய்விட்டது. அம்மா அப்போது மருந்துப் புகை பிடிக்கும் மிஷினை மூக்கில் வைத்திருந்தாள். அதுவும் நின்றுவிட்டது. தன் வீட்டு டீவி அணைந்ததும் என்னைத் திட்டுவதற்காக வந்த சரசு அக்காதான், அம்மா வாசற்படியில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்ததைப் பார்த்தார். தோட்டத்து லாரியிலேயே சிரம்பான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓடிப்போய் நின்றபோது அம்மா மூக்கில் குழாயோடு கேட்டாள்:

"பெட்டிக்கு ஒன்னும் ஆவலியே?"

அதன் பிறகு என் அக்கா அம்மாவைச் சிரம்பானில் தன் வீட்டோடு வைத்துக்கொண்டாள். நான் கையிலிருந்த மூன்று நாள் ஓட்டத்தின் அளவை அந்த மூவருக்கு அனுப்பினேன். வாரம் முழுமையாகவில்லை, தயவுசெய்து மறுபடி ஓட்டவும் என்று பதில் வந்தது. கார்டைக் கழற்றி விற்றுவிட்டேன்.

வேறு யாரோ என் திருத்தத்தை எடுத்து முடித்து, ஒப்புதலும் வாங்கினார்கள். உதவியவர்கள் பட்டியலில் கடைசியில் என் பெயரும் இருக்கிறது. இப்போது எந்த ஊரில் இருப்பவரும் ஒரு எண்ணைப் போட்டுக் கார்டை அடக்கி வைக்கலாம். அந்த நுரையீரல் கணக்குத்தான் முடிந்துவிட்டது, அதன் இணையப் பக்கமே திறப்பதில்லை. எங்கள் லயத்தை இடித்து வீடமைப்புக்காரர்கள் வேலி போட்டுவிட்டார்கள். சரசு அக்கா குடும்பம் கோலா சாவாப் பக்கம் போய்விட்டது.

அம்மா அதன் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனால், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பாள்.

"கெடச்சிச்சா ஐயா?"

"தேடிக்கிட்டே இருக்கும்மா. கிட்ட வந்திருச்சி."

"அவசரமில்ல. அதுவும் சூடாவும்தானே, மெதுவாவே தேடட்டும்."

மூன்று பேரிடம் நான் கெஞ்சிக் கேட்ட அரை வேக அனுமதியை, நான் கேட்காமலே அவள் கொடுத்தாள். அப்போது என்னிடம் கார்டு இல்லை. இப்போது அவள் இல்லை.