பிரியந்தினியின் மூன்று குழாய்கள்

பிரியந்தினியைப் பற்றி நல்லபடியாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். தொடங்கியதுமே வயிறு எரிகிறது.

உருத்திரபுரத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் ஆறு வருடமாக ஒப்பந்த உதவியாளர். அங்கே களஞ்சியம் பார்ப்பவள் நான். உயிர்க்கலத்தின் வெளிச்சவ்வைப் போல ஒரு கொழுப்புச் சவ்வைச் செயற்கையாகச் செய்வது அவள் வேலை. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத தங்க நனோத் துகள்களை விடுவாள். சவ்வுக்கு இரசாயனச் சமிக்ஞை கிடைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கும், அவை மிதக்கும் சிவந்த திரவம் நீலமாகும். கலங்கள் எப்படிச் செய்தி பரிமாறுகின்றன என்று அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை வந்தால் அவள் பெயரும் வரும், நிரந்தர நியமனத்துக்கு அது உதவும் என்று ஆய்வுகூடத் தலைவர் கலாநிதி முத்துலிங்கம் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே அவள் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து நின்றாள்.

தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் பழுதான கிழமை, கலாநிதி சுத்திகரிப்பு நிலையத்துப் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானைக் காட்டி அதையே பாவிக்கச் சொன்னார். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து ஊரே வாங்கிக் குடிக்கும் தண்ணீர். அதைவிடச் சுத்தமானது வன்னியில் இல்லை என்பது எல்லோருடைய நம்பிக்கை. அதுவரை சிவப்பாகவே கிடந்த சோதனைக் குழாய்கள் அன்று தொடக்கம் நீலமாயின. கலாநிதிக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

பிரியந்தினிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அதே தண்ணீரில் நாங்கள் தேநீர் வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்திருந்ததை அவள் கவனித்திருந்தாள்.

“சேர், அந்தத் தண்ணியில கல்சியம் கிடக்கு. அதே துகள்களை ஒட்டவைக்கும், சமிக்ஞை இல்லாமலே நீலமாகும்.”

“குடிக்கிற தண்ணியில என்ன ஊத்தை? உம்மட கழுவிற வேலையைப் பாரும்.”

அவருக்கு எவ்வளவு திமிர்! அவள் வாயாடவில்லை. மூன்று குழாய்களை அவருடைய மேசையில் வைத்தாள். ஒன்றில் எல்லாம் இருந்தது. அடுத்ததில் சமிக்ஞை இல்லை. மூன்றாவதில் சவ்வே இல்லை, தங்கமும் கான் தண்ணீரும் மட்டும். மூன்றும் நீலமாயின. நீலமாக்கியது தண்ணீர்தான் என்று கலாநிதிக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு அவள் கேட்டபடி கொழும்பு நிறுவனம் ஒன்றிலிருந்து காய்ச்சி வடித்த நீர் வந்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளே நான்கு மாதம் செய்தாள். இம்முறை சமிக்ஞை கொடுத்த குழாய் மட்டும் நீலமானது.

போன மாதம் கட்டுரை வெளிவந்தது. ஐந்து பெயர்கள். அதில் இரண்டு பேர் எங்கள் ஆய்வுகூட வாசற்படியே மிதிக்காதவர்கள். அவள் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் பந்தியிலும் தேடினோம். தண்ணீர் அனுப்பிய நிறுவனத்துக்கு நன்றி இருந்தது. வெட்கம் கெட்ட வேலை.

நேற்று அவள் அந்தக் கட்டுரைத் தாளோடு அவருடைய அறைக்குப் போனாள். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

“சேர், தண்ணி தந்தவைக்குப் பேர் போட்டிருக்கிறியள். அந்தத் தண்ணி வேணுமெண்டு சொன்னது ஆர்?”

“அடுத்த கட்டுரையில பாப்பம்” என்றார், தலை நிமிராமல்.

அவள் கையில் ஆய்வுக் குறிப்பேடு இருந்தது. மூன்று குழாய்களின் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒவ்வொரு பக்கத்திலும் அவளுடைய கையொப்பம்.

“இதெல்லாத்தையும் படமெடுத்து, கட்டுரை போட்ட சஞ்சிகைக்கு இண்டைக்குக் காலமையே அனுப்பிப்போட்டன், சேர். உங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்.”

அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார்.