தலைக்குள் போன காற்று

என் மனுசன் சங்கு குளிக்கிறவர். மூச்சை அடக்கிக்கொண்டு கடலின் அடிக்குப் போய், மணலில் புதைந்து கிடக்கும் சங்கைத் தடவி எடுத்துக்கொண்டு வருகிற தொழில். கீழே போகப் போகக் காது அடைக்கும். அப்போது மூக்கை இரண்டு விரலால் பொத்தி, வாயையும் மூடிக்கொண்டு உள்ளுக்குள் ஊதுவார்கள். டப்பென்று காது திறக்கும். இதைத் தண்ணீருக்குள் மட்டும் செய்துவிட்டு இருந்தால் பரவாயில்லை. தடிமன் பிடித்து மூக்கடைத்தாலும், பஸ்ஸில் காதுக்குள் குத்தினாலும், பூசை நேரத்தில் கொட்டாவி வந்தாலும் அந்த விரல்கள் மூக்குக்குப் போய்விடும். "கோயிலுக்குள்ளயும் சங்கு எடுக்கிறியளோ?" என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன்.

அது சண்டைக் காலம். கடலுக்குப் போவதென்றால் நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குக் கரைக்குத் திரும்பவும் வேண்டும். அந்த அவசரத்தில் ஒரு நாள், சங்கோடு மேலே வந்தவர் வள்ளம் எங்கே நிற்கிறதென்று பார்க்காமல் எழும்பிவிட்டார். அலையில் தூக்கிய வள்ளத்தின் முன்பக்கம் இறங்கி நெற்றியில் அடித்தது. கூடப் போனவர்கள் தூக்கி வள்ளத்துக்குள் போட்டுக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரம் நினைவே இல்லையாம். கண் விழித்ததும் சங்கு எங்கே என்று கேட்டாராம். மண்டை உடைந்த மனிதருக்குக் கேட்க வேறொன்றும் கிடைக்கவில்லை.

நெற்றியில் தையல் போட்டு வீட்டுக்கு வந்தோம். அடுத்த நாள் முகம் கழுவக் குனிந்தபோது ஒரு பக்க மூக்கால் தண்ணீர் சொட்டியது. சளியில்லை, தெளிந்த தண்ணீர். நாக்கில் பட்டால் உப்புக் கரித்தது. எங்களுக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. சங்கு குளிக்கிறவர்களின் மூக்குக்குள் கடல் தண்ணீர் தங்கி, சாப்பிடக் குனியும்போது சோற்றுக் கோப்பைக்குள்ளேயே சொட்டும். மூக்கைப் பொத்தி அமத்தி ஊதிவிட்டுச் சீறினால் சரியாகிவிடும். அவரும் ஊதினார். பார்க்க வந்த கூட்டாளிமார், "இன்னும் கிடக்குது மச்சான், நல்லா அமத்தி ஊது" என்றார்கள். நான் துவாயும் கையுமாகப் பக்கத்தில் நின்றேன். கடலுக்குப் போகாத மனிதரின் மூக்கில் நாள் முழுக்கக் கடல் தண்ணீர் எப்படி வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூக்கால் உப்புத் தண்ணீர் வந்தால் எங்களுக்கு அது கடல்தான்.

தலையிடி கூடிக்கொண்டே போனது. ஒரு காலையில் பாயைவிட்டு எழும்பியவர் அப்படியே நின்றார்.

"இஞ்ச வா. தலைக்குள்ள தண்ணி தளம்புது."

"கடலை முழுக்கக் கொண்டு வந்திட்டியள் போல" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. தலையை மெல்ல அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் திருப்பி, அரைவாசி நிரம்பிய தண்ணீர்க் கானை ஆட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்கிறது என்றார். பின்னேரம் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, எப்போதோ செத்துப்போன தன் தமக்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தலையில் காயத்தோடு ஓர் ஆண் என்றால் அந்தக் காலத்தில் மறித்துச் சோதிக்கிற ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் ஆயிரம் கேள்வி. கடைசியில் போய்ச் சேர்ந்தோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்குத்தர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெற்றி எலும்புக்குப் பின்னால் பிறை மாதிரி ஒரு கறுப்பு.

"இது காத்து அம்மா. மண்டைக்குள்ள காத்துப் போய் நிக்குது."

மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய எலும்பு வெடித்துவிட்டது என்றார். சொட்டியது கடல் தண்ணீரே இல்லை, மூளையைச் சுற்றி இருக்கிற தண்ணீர். அது வெளியே வந்த வழியால், அவர் ஊத ஊதக் காற்று உள்ளே ஏறியிருக்கிறது.

எனக்கு டாக்குத்தர் மேல்தான் கோபம் வந்தது. "அப்ப ஊசியால இழுத்து எடுங்கோவன்" என்றேன். இன்னும் கூடினால் மண்டையில் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும், அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. காயக்காரரை ஏற்ற ஹெலி வருமே என்று கேட்டேன். ஏலாதென்று டாக்குத்தர் தலையை ஆட்டினார். மேலே போகப் போக அடைபட்ட காற்றுப் பெருக்குமாம். அரைக்கண்ணில் கிடந்த என் மனுசன், "ஓம், குமிழி மாதிரி" என்றார். அடியில் விட்ட சின்னக் குமிழி மேலே வர வரப் பெருப்பதை நாளாந்தம் பார்த்தவர். அன்றைக்கு அவர் தெளிவாகச் சொன்னது அது ஒன்றுதான்.

தலைமாட்டை உயர்த்தி, ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வெடிப்பு தானாக மூடினால் காற்றை உடம்பே உறிஞ்சிவிடும். அதுவரை மூக்கைச் சீறக்கூடாது, முக்கக்கூடாது, தும்மினாலும் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கைப் பொத்தி ஊதவே கூடாது.

"இன்னொருக்கா அமத்தி ஊதினாரெண்டால், இஞ்ச எங்களால ஒண்டும் செய்யேலாது" என்றார் டாக்குத்தர்.

ஆகவே அந்தக் கைக்குக் காவல் இருப்பது என் வேலையாயிற்று. அயர்ந்து கிடக்கும்போதும் விரல் மூக்கைத் தேடிப் போகும். நான் தட்டிவிடுவேன். "சின்னப் பிள்ளை விரல் சூப்புறதைத் தட்டிற மாதிரியல்லோ தட்டுறாய்" என்று பக்கத்துக் கட்டில் மனுசனின் பெண்சாதி சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது.

ஒரு மத்தியானம், சோறு கொடுக்கிற நேரம், கிட்ட எங்கேயோ குண்டு விழுந்தது. ஜன்னல் கண்ணாடி கொட்டியது. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் கட்டில்களுக்குக் கீழே புகுந்தார்கள். என் காது அடைத்துவிட்டது. ஆட்களின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் இல்லை. என் காது அடைத்தால் அவர் காதும் அடைத்திருக்கும். அடைத்தால் அந்தக் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

திரும்பிப் பார்த்தேன். மூக்கைப் பொத்தியாயிற்று. கன்னம் உப்பத் தொடங்கியிருந்தது.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "ஊதாதேங்கோ! வாயைத் திறவுங்கோ!" அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. கடலில் உரமேறிய கை, அசையவில்லை. வேறு வழி தெரியாமல் குனிந்து அந்தக் கையைக் கடித்தேன். இரத்தம் வரக் கடித்தேன். அவர் வாயைத் திறந்து கத்தினார். பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் அந்தக் கத்தலோடு வெளியே போனது.

இரண்டாவது குண்டும் விழுந்தது. நான் கட்டிலுக்குக் கீழே போகவில்லை. அவருடைய இரண்டு கையையும் மடியில் அமத்திப் பிடித்தபடி, மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். செத்தால் இரண்டு பேரும் சாவோம், ஆனால் இந்த மனுசனை ஊத விடமாட்டேன் என்று ஒரு பிடிவாதம்.

மூக்கால் சொட்டியது மெல்ல மெல்ல நின்றது. அடுத்தடுத்த படங்களில் பிறை சிறுத்துக்கொண்டு வந்து, கடைசிப் படத்தில் இல்லாமல் போனது. அவர் பிறகு சங்கு குளிக்கப் போகவில்லை. கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிற வேலைதான். பெருவிரலுக்குக் கீழே என் பல் பதிந்த தழும்பு அப்படியே இருந்தது. யாரும் கேட்டால், "சுறா கடிச்சது" என்பார். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

சண்டை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு, ஒரு பின்னேரம் நெஞ்சு நோவில் போய்விட்டார். குளிப்பாட்டி, வெள்ளை உடுப்புப் போட்டுக் கிடத்தினார்கள். நெற்றியில் அடிபட்ட அன்றைக்கு வள்ளத்தில் கூட இருந்த கூட்டாளி ஒருவர் பஞ்சைத் திரித்து மூக்குக்குள் வைக்கக் குனிந்தார். அதுவரை கல்லுமாதிரி இருந்த நான் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தேன்.

"மூக்கை அடைக்காதேங்கோ! காத்து உள்ளுக்குப் போயிடும்!"

அந்த மனிதர் கையை இழுக்கவில்லை.

"இனி ஒண்டும் செய்யாது தங்கச்சி" என்றார்.

கையை விட எனக்குக் கனநேரம் எடுத்தது.