எருமைக் குரலுக்குப் போட்ட பெரிய பந்தல்

அந்த நாலு பேரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. செத்துப்போனவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பல வருஷமாக அவர்களுடைய ஒலி நாடகத்துக்கு நான் அடிமை. முகம் தெரியாது, பெயர் தெரியாது, நாலு குரல்கள் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் போனில் வரும். வாய்க்கால் ஒன்று சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசில் போய் உட்காரும். தாசில்தார் அதன் தாயாற்றை நேரில் கூட்டிவரச் சொல்வார். எருமை ஒன்று ஊருக்கெல்லாம் வைக்கோலை வட்டிக்கு விடும். அந்த எருமைக் குரல்காரர்தான் எனக்கு உசத்தி. அவர் கீழ்வேளூர்ப் பக்கம், என் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

எங்கள் பக்கம் யாராவது இறந்தால் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பார்கள். அதே இழுவையில்தான் எருமை ஒவ்வொரு நாடகத்தையும் முடிக்கும். "மேலத்தெரு மிக்சி அகால மரணம் அடைந்தது. அன்னாரது இறுதி ஊர்வலம் நேற்று மாலை புறப்படும்" என்று. வாராவாரம் ஏதாவது ஒன்று சாகும். கேட்கிற நாங்களும் போனில் சிரிக்கும் பொம்மைகளை அனுப்பித் தள்ளுவோம்.

போன குறுவை நடவின்போது வரப்பில் நின்று கேட்டேன். அன்றைக்கு எருமைக்குக் குரல் கொடுத்தவரே செத்துப்போனதாக எருமையே அறிவித்தது. தன் கடைசி மூச்சைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்திருப்பதாகவும், மீட்க வருகிறவர்கள் ரேஷன் கார்டோடு வரவேண்டும் என்றும் சொன்னது. பிறகு இன்னொரு குரல், ஊர்வலம் இன்று மாலை கீழ்வேளூரில் என்றது. நான் சிரித்த சிரிப்பில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிரிக்கும் பொம்மையும் அனுப்பினேன்.

மறுநாள் காலை மீதி மூன்று குரல்காரர்களிடமிருந்து ஒரே வரி வந்தது. நேற்றுச் சொன்னது நிஜம், அவர் போய்விட்டார் என்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வழி விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய பந்தல், ஓரத்தில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். மூவரில் ஒருவர் அங்கேதான் இருந்தார். குரலை வைத்தே கண்டுபிடித்தேன். சாவை இப்படியா சொல்வது, உங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவர் பதிலுக்குக் கோபப்படக்கூட இல்லை.

"அவரே ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் பேசிக் குடுத்ததுங்க. உசிரு போன அன்னைக்கே போடணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. ஊர்வல நேரத்தையும் ஊரையும் மட்டுந்தான் நாங்க சேர்த்தோம்."

கோபம் அப்படியே செத்தவர் மேல் திரும்பியது. என்ன திமிர் அந்த மனுஷனுக்கு. எங்களில் ஒருவன்கூட அதை நம்பமாட்டான் என்று தெரியாதா?

அவர் மனைவி வெளியே வந்து, "அவருக்கு நீங்க என்ன வேணுங்க?" என்று கேட்டார். சொல்லிக்கொள்ள உறவு ஏது? வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிறவன் என்றேன்.

அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வேலைவெட்டி இல்லாமல் போனில் எருமை மாதிரி கத்துகிறவன் என்றுதான் சொந்தக்காரர்கள் கடைசிவரை அவரை ஏளனம் செய்தார்களாம். "என் சாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து இவர்கள் வாயடைத்துப் போவார்கள், பெரிய பந்தலாகப் போடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வந்தது அந்தச் சொந்தக்காரர்கள்தான். கேட்கிறவர்களில் ஒரு ஆள் வரவில்லை.

"போனைப் பாத்தா அத்தனை பேரும் சிரிச்சிருக்கீங்க" என்றார். திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"எனக்கு இன்னும் அதைக் கேக்கத் தைரியம் வரலைங்க. நல்லா பேசியிருந்தாரா?"

நன்றாக இல்லை என்று பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.