அண்ணன் மேல் இறங்கியது சாமி அல்ல

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் அண்ணன் எங்கள் காட்டு முனியப்பன் முன்னால் உட்கார்ந்து ஊராருக்கு வாக்குச் சொன்னான். அவன் கைகள் நிற்காமல் ஆடின. சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. கண்கள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் வரை இவன் உயிரோடு இருப்பானா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் சன்னதியில் என்னோடு விளக்குப் போடுகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஊர் பேசிய பாதி அது. எங்கள் வீட்டுக்குள் நடந்தது வேறு.

நாங்கள் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் காடு, கிணறு என்று வெள்ளாமை பார்க்கிற குடும்பம். அப்பா, அம்மா, அண்ணன் மோகன், நான். நான் உயிர்வேதியியல் படித்து, நாமக்கல்லில் கோழித் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டுத்தான் எனக்கு யோசிக்க வரும். அண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் போர் ஓட்டிவிட்டு வருபவன். ரிக் வேலைதான் அவனைக் குடிகாரன் ஆக்கியது என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லி வந்தோம். அப்படிச் சொல்வது எங்களுக்கு வசதியாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடியில் முனியப்பனுக்குக் கிடா வெட்டிப் படையல் போடும்போது ஒரு பாட்டிலும் வைப்போம். வம்சத்தின் மூத்த ஆண் பிள்ளை அதைத் திறந்து, சாமிக்குக் கொஞ்சம் ஊற்றி, பாட்டில் மூடியில் ஊற்றிய முதல் அளவைத் தானே குடிக்க வேண்டும். மிச்சம்தான் பங்காளிகளுக்கு. அது பிரசாதம், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பெரியப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் அந்த உரிமை அண்ணனுடையது.

இன்னொரு வழக்கமும் உண்டு. குடி மிஞ்சிப் போனால் மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது. கையில் கயிறு இருக்கும்வரை தொடமாட்டேன் என்று சத்தியம். அண்ணன் ஒவ்வொரு தையிலும் கட்டிக்கொள்வான். ஆடி வரை இருப்பான். படையலுக்கு முந்தின நாள் பெரியப்பா வந்து கயிற்றை அறுத்துவிடுவார்.

"இத்தன மாசம் இருந்துட்டானில்ல? ஒரு மூடி சாமிக்காகக் குடிச்சா என்ன குடியா முழுகிப் போவுது?" என்பார்.

ஓர் அம்மன் முன்னால் சத்தியம் வாங்கி, ஒரு முனியப்பன் முன்னால் அதை உடைத்து வந்தோம். வருடா வருடம் செய்தோம். யாருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை. ஒவ்வோர் ஆடிக்குப் பிறகும் அவன் முன்பைவிட அதிகம் குடித்தான்.

போன தையில் அவன் கயிறு கட்டிக்கொள்ளவே மறுத்தான். அந்த மாதமே அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குமாரபாளையத்தில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பங்குனியில் அண்ணன் ரத்தமாக வாந்தி எடுத்தான். அன்று பார்த்த மருத்துவர், "காலையில எழுந்ததும் குடிக்கிற ஆளு இவரு. வீட்ல வெச்சுத் திடீர்னு நிறுத்தாதீங்க. ஆபத்து. சேர்த்துடுங்க" என்று தெளிவாகச் சொன்னார்.

அப்பா கேட்கவில்லை. "சேத்துனா குடிகாரன்னு சீட்டெழுதிக் குடுத்துருவாங்க. நாளைக்கு ஊருக்குள்ள எப்படித் தலை காட்டறது?" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார். அன்றோடு குடி நின்றது.

சனிக்கிழமை அவனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. கட்டிலை விட்டு எழுந்து எழுந்து நடந்தான். ஞாயிறு விடிந்தபோது சுவரிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். சுவரில் ஒன்றுமில்லை. பிறகு வாசலைத் தாண்டி, செருப்பில்லாமல், நேராக முனியப்பன் கோயிலுக்கு நடந்தான். பின்னாலேயே ஓடினோம். முனியப்பன் சிலைக்கு முன்னால் நட்டிருக்கும் வேலுக்கு எதிரே உட்கார்ந்து ஆடத் தொடங்கினான்.

பெரியப்பா வந்து பார்த்தவுடன் துண்டை இடுப்பில் கட்டினார். "அருள் வந்துருச்சு. கயித்துக்குக் கட்டுப்பட்டு முனியப்பனே எறங்கியிருக்கறாரு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "என்ன சாமி தெரியுது?" என்று பெரியப்பா கேட்டார். அண்ணன் ரோட்டுப் பக்கம் பார்த்து, "வாரான். கறுப்பா ஒருத்தன் வாரான். ஆளக் கூட்டிட்டுப் போறதுக்கு வாரான்" என்றான். பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் கும்பிட்டபடி முன்னால் வந்து, "சாமி, நம்ம காட்டுல எந்தப் பக்கம் போர் போடறதுங்க?" என்று கேட்டார். அண்ணன் தரையில் ஊர்வதாக அவனுக்குத் தெரிந்த பூச்சிகளைக் காட்டி, "இங்க, இங்க, இங்கயும்" என்று கத்தினான். அவர் பயபக்தியோடு அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்து அடையாளம் செய்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நான் பெரியப்பாவிடம் போனேன். "இது அருள் இல்லீங் பெரியப்பா. குடிய ஒரேயடியா நிறுத்துனதுல வாரது. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. வலிப்பு வந்தா உயிரு போயிரும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமுங்க."

"கோழித் தீவனம் சோதிக்கற புள்ள, இன்னைக்கு நம்ம சாமியவே சோதிக்க வந்துருச்சு பாருங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் பெரியப்பாவே பூக் கேட்கலாம் என்றார். முனியப்பன் தோளில் வெள்ளை அரளிப் பூவை வைப்பது. வலப்பக்கம் விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் கூடாது. பூசாரி பூவை வைத்தார். எல்லோரும் பூவைப் பார்த்தோம். அண்ணன் ஆடிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் நான் வேண்டினேன். மனதுக்குள், மாரியம்மனிடம், எனக்குத் தெரிந்த முறையில், வரிசையாக.

ஒன்று: அண்ணன் பிழைக்க வேண்டும்.
இரண்டு: இதற்கு நோய் என்று பெயர் சொல்ல எங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருவருக்காவது வாய் திறக்க வேண்டும்.
மூன்று: அண்ணி திரும்பி வர வேண்டும்.

வெயில் ஏறியது. காற்றே இல்லை. பூ வலப்பக்கமும் விழவில்லை, இடப்பக்கமும் விழவில்லை. அண்ணனின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நான் வேண்டிய வரிசையையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மன் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த நேரம் வேறில்லை.

அம்மா எழுந்தார். மூத்தார் முன்னால் நின்று பேசி அறியாதவர் என் அம்மா. பெரியப்பா வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவார். அன்று கூட்டத்துக்கு நடுவில் நடந்து போய் அண்ணனின் நெற்றியில் கை வைத்தார்.

"கொதிக்குதுங்க. சாமி வந்தவனுக்குக் காய்ச்ச அடிக்குமாங்க? தொட்டுப் பாருங்க" என்றார் பெரியப்பாவிடம். "இது எம்பட பையன். சாமி இல்லீங்க. இவனுக்குச் சீக்கு. குடிச்சுக் குடிச்சு வந்த சீக்கு."

"பூ இன்னும் விழுகுல" என்றார் பெரியப்பா.

"விழுகாட்டிப் போவுதுங்க. நான் பெத்தேன். நானே உத்தரவு குடுக்கறேன்." அப்பா பக்கம் திரும்பி, "ஏனுங்க, நின்னுட்டே இருக்கறீங்க? வண்டிய எடுங்க" என்றார்.

அப்பா எடுத்தார். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மல்லூர் தாண்டும்போது அண்ணனுக்கு வலிப்பு வந்தது. நானும் அம்மாவும் அவனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டோம். அவன் பற்கள் உரசிய சத்தம் இன்னும் சில சமயம் எனக்குக் கேட்கும்.

சேலத்தில் அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்தார். அவிழ்க்கச் சொல்வார் என்று நினைத்தோம். "கயிறு அது பாட்டுக்கு இருக்கட்டும். கூடவே ஊசியும் போடணும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு அடுத்த சில நாட்கள் அண்ணன் எங்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒரு காலையில் கண் விழித்து, "அம்முணி, வேலைக்குப் போகுலியா?" என்று என்னைக் கேட்டான். என் வேண்டுதலின் முதல் வரி அன்று நிறைவேறியது. இரண்டாவது வரி அதற்கு முன்பே, பூ விழாத அந்த வேலுக்கு முன்னால், அம்மாவின் வாயில் நிறைவேறியிருந்தது. அதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நான் சொல்ல வந்த சாட்சி இத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எங்கள் வீட்டின் இருட்டான பகுதி இனிமேல்தான் வருகிறது.

உடம்பு தேறியதும் அவனைக் குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஆலோசகராக இருந்த அம்மையார் எங்கள் நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்தார். அவன் எப்படிக் குடிப்பான் என்று கேட்பார் என எதிர்பார்த்து, நான் எல்லாவற்றையும் மனதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "மோகன் குடிக்காத மாசங்கள்ல வீட்ல என்ன பேசிக்குவீங்க?"

 

அம்மாதான் முதலில் பேசினார். "அப்ப நாங்க பேசிக்கறதே இல்லீங்க. இவன் குடிச்சுட்டு வந்தாத்தான் நானும் இவிங்கப்பாவும் ஒக்காந்து பேசுவோம். என்ன பண்றது, எங்க கூட்டிட்டுப் போறதுன்னு. இவன் நல்லா இருந்தா எங்களுக்குள்ள பேச்சே இருக்காதுங்க."

அப்பா எதிர்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். 

அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கு அது சின்னப் பையனா இருக்கறப்பவே தெரியுமுங்க. நான் நெதானமா இருந்தா ஊடு சுடுகாடாட்டம் இருக்கும். மொத மொதல்ல படையல்ல அப்பா மூடிய என் கையில குடுத்தப்ப, என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. அதுக்கு முன்னாடி அவரு என்னைப் பார்த்துச் சிரிச்சு நான் கண்டதில்ல."

அப்பா அழுதார். நாங்கள் அதை அதற்கு முன் பார்த்ததில்லை.

குடி அவனுடைய நோய்தான், அதை நிறுத்தும் பொறுப்பும் அவனுடையதுதான் என்று அந்த அம்மையார் தெளிவாகச் சொன்னார். யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் பழைய வீட்டுக்கே அவன் திரும்பினால் பழைய இடத்திலேயே போய் உட்காருவான் என்றார். எங்களுக்கும் வீட்டுப்பாடம் கொடுத்தார். அப்பாவும் அம்மாவும் தினமும் கொஞ்ச நேரம், மோகனைப் பற்றி அல்லாமல், பேச வேண்டும். அண்ணன் வீடு திரும்பிய முதல் வாரம் கேட்கச் சகிக்காது. "மழை வருமாட்ட இருக்குது." "ஆமாங்க." அவ்வளவுதான். அண்ணன் உள்ளே இருந்துகொண்டு, "பேச்சு வார்த்த முடிஞ்சுதுங்களா?" என்று கேலி செய்வான். இப்போது மாட்டுக்குத் தீவனம் வாங்குவதில் ஆரம்பித்துச் சண்டை வரைக்கும் போகிறார்கள். எங்களுக்குச் சந்தோஷம்.

ஆடி வந்தது. அதற்கு முந்தின வாரம், படையலுக்கு என்று விட்டிருந்த கிடா திடீரென்று செத்துக் கிடந்தது. பெரியப்பா வாசலில் நின்று, "முனியப்பன் கோபமா இருக்கறாரு. பையன் மூடியத் தொடலீன்னா அடுத்தது ஆளுதான்" என்றார். உறவுக்காரர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்தது. அண்ணன் மறுபடியும் தூங்காமல் கிடந்தான்.  எனக்குப் பழைய பயம் முழுதாகத் திரும்பி வந்தது.

படையல் அன்று பங்காளிகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பெரியப்பா பாட்டிலை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் கையை நீட்டவும் இல்லை, பின்னால் இழுக்கவும் இல்லை. அப்பா குறுக்கே வந்து பாட்டிலை வாங்கினார். திறந்தார். வேலின் அடியில் சாய்த்தார். சொட்டு மிச்சமில்லாமல் மண் குடிக்கும்வரை சாய்த்துப் பிடித்திருந்தார்.

"சாமிக்குன்னு கொண்டாந்தது. சாமிக்கே முச்சூடும் குடுத்தாச்சு" என்றார். "எம் பையனுக்குப் பங்கு வேண்டாமுங்ணா."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று ஊர் காத்திருந்தது. உண்மையைச் சொன்னால், நாங்களும் காத்திருந்தோம்.

ஐப்பசியில் நடந்தது. அண்ணன் ஒருநாள் குடித்துவிட்டு வந்தான். செத்த கிடாவை நினைத்து அம்மா நடுங்கினார். ஆனால் மறுநாள் காலை அவனே துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "அப்பா, சேலத்துக்குப் போலாம். தனியாப் போனா நடுவுல எறங்கிருவேன்" என்றான். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். அன்று நான் பரிசோதனைக் கூடத்துக் கழிப்பறையில் நின்றுகொண்டு அம்மனுக்கு நன்றி சொன்னேன். குடிக்காத நாளைவிட அந்த நாள்தான் எனக்குப் பெரிய அற்புதம்.

இப்போது அவன் உள்ளூரிலேயே மோட்டார் பழுது பார்க்கிறான். மாதம் ஒருமுறை சேலம் போய் வருகிறான். அண்ணி இன்னும் திரும்பவில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை பார்க்க வந்தார். இன்னும் நாள் வேண்டும் என்கிறார். அவர் கேட்பது நியாயம். அந்த வேண்டுதலை அம்மன் காலடியிலேயே வைத்திருக்கிறேன்.

ஆபத்து முழுதாகப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது தெருமுனையில் நிற்கிறது. அம்மன் துணையோடு நாங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம்.

உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒருவர் இருக்கலாம். வேண்டிக்கொள்ளுங்கள். கயிறு கட்டுவதானால் கட்டுங்கள். ஆனால் தினமும் குடிக்கிறவரை வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் கையில் கொடுங்கள். கை நடுங்கிக் கண் நிலைகுத்தினால் பூவுக்குக் காத்திருக்காதீர்கள். நம்பிக்கையோடு எழுந்திருங்கள். எழுகிறவர்களின் கூடவே அம்மன் நடப்பாள், நான் கண்டேன்.

கூட வர ஆள் இல்லை என்று மட்டும் யாரும் தயங்க வேண்டாம். பூசை முடிந்ததும் நான் மண்டபத்துப் படியில்தான் இருப்பேன். எங்கள் அம்மாவும் இருப்பார். நீங்கள் பேசத் தொடங்காவிட்டாலும் அவர் தொடங்கிவிடுவார்.